கரண்ட் வந்த பிறகும் எழாத கணினி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் விலகிப் போகாமல் பல மணி நேரம் அங்கேயே நின்று மழையைக் கொட்டியது. புதுச்சேரியிலும், உள்ளே தள்ளியிருக்கும் மயிலத்திலும் ஒரே நாளில் அரை மீட்டரை ஒட்டிய மழை. இந்தக் கரைக்குக் கரண்ட் போவது புதிதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இதே பகுதியில் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டது. அடுத்து வந்த 2012-இல் சென்னைக்கு வெளியே புயலே இல்லாமல் நாளின் பெரும்பகுதி கரண்ட் இல்லை. இதே கரையில் உள்ள பொம்மையார்பாளையத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு. இந்த ஊர் விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாட்டு மின்வாரியம். கடற்கரைச் சாலையில் வடக்கே அடுத்து வரும் பிள்ளைச்சாவடி புதுச்சேரி மின்துறை. கூப்பிடு தூரத்தில் விளக்கு எரியும், இங்கே இருட்டாக இருக்கலாம்.

கரண்ட் திரும்பியதும் ஃபேன் சுற்றுகிறது. ட்யூப்லைட் எரிகிறது. ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்குகிறது. டிவி விட்ட இடத்துக்கு வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் மட்டும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஏதோ சொல்லிவிட்டு அசையாமல் நிற்கிறது. அணைப்பது என்றால் கரண்டை நிறுத்துவதுதானே? ஷட் டவுன் கொடுத்தாலும் கடைசியில் நிற்பது அதே கரண்ட்தானே? பிறகு இதற்கு மட்டும் என்ன கேடு?

ரொம்பவும் நியாயமான கேள்வி. ஷட் டவுன் கொடுத்ததற்கும் பெட்டி அடங்குவதற்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு நொடி போகிறதல்லவா, விடை அந்த நொடிகளுக்குள் இருக்கிறது.

17 மில்லி நொடி

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. மேசைக் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கிகள் கொஞ்சம் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் போனால் முழுச் சுமையில் சுமார் 17 மில்லி நொடி அவை தாக்குப் பிடிக்கும். ஒரு சுற்றுக்கும் குறைவான நேரம். அதற்குள் கரண்ட் வராவிட்டால் ‘மின்சாரம் சரியாக இருக்கிறது’ என்று மதர்போர்டுக்குப் போய்க்கொண்டிருந்த சமிக்ஞையை எஸ்.எம்.பி.எஸ். விலக்கிக்கொள்ளும். செயலி அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஹார்ட் டிஸ்க் தன் உடலைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தது. உள்ளே சுழலும் தட்டின் மீதி வேகத்தையே மின்சாரமாக மாற்றி, தட்டின் மேல் மிதக்கும் முனையை ஓரத்து ஓய்விடத்துக்கு இழுத்துவிடும். முனை தட்டில் மோதிக் கீறல் விழாது. ஆனால் அரைகுறையாக நின்ற வேலையை அது கவனிப்பதில்லை. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு 17 மில்லி நொடியில் இரண்டு சுற்றுதான் வரும். அதற்குள் எதை எழுதி முடிப்பது?

சேவ் ஆகிவிட்டது என்று சொன்னது யார்?

நீங்கள் ‘சேவ்’ அழுத்துகிறீர்கள். மறுகணமே வேலை முடிந்ததாகத் திரை காட்டுகிறது. உண்மையில் உங்கள் தகவல் அப்போது பெரும்பாலும் ரேமில்தான் இருக்கிறது. கரண்ட் உள்ளவரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் தற்காலிக நினைவகம் அது. ரேமில் ஓர் இடத்தைத் தொட நொடியில் கோடியில் ஒரு பங்கு போதும். ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடத்தைத் தேடி எழுத நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். லட்சம் மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு முறையும் டிஸ்க்குக்காகக் காத்திருந்தால் நாம் வேலை செய்யவே முடியாது. ஆகவே கணினியை நடத்தும் இயங்குதளம், விண்டோஸோ லினக்ஸோ, எழுத வேண்டியவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓய்வாக இறக்குகிறது. லினக்ஸில் சாதாரணமாக அரை நிமிடம் வரைகூட ஒரு தகவல் இப்படிக் காத்திருக்கலாம்.

ஷட் டவுன் கொடுத்ததும் நடப்பது இந்தப் பாக்கிகளைத் தீர்க்கும் வேலை. திறந்திருக்கும் நிரல்களை மூடச் சொல்லுதல், ரேமில் காத்திருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளுதல், டிஸ்க் தனக்குள் தேக்கி வைத்திருப்பதையும் எழுதி முடிக்கச் சொல்லுதல். எல்லாம் முடிந்தபின் டிஸ்க்கின் ஒரு மூலையில் ‘ஒழுங்காக மூடப்பட்டது’ என்ற அடையாளம் விழும். கரண்ட் திடீரென்று போனால் அந்த அடையாளம் விழாது. மறுமுறை கணினி எழும்போது முதலில் தேடுவது அதைத்தான்.

ஒரு வரி, மூன்று இடம்

பொம்மையார்பாளையத்தில் சாலையோரம் ஒரு ஜெராக்ஸ் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ஒரு படகுக்காரரின் மீன் ஏலக் கணக்கைத் தன் கணினியில் வைத்துத் தருகிறார். டிஸ்க்கில் இடம், 4096 பைட் கொள்ளும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவருடைய கோப்பு இதுவரை இரண்டு கட்டங்களை நிரப்பியிருக்கிறது. இன்றைய ஏலத்தைச் சேர்க்க மூன்றாவது கட்டம் தேவை.

சேர்ப்பது ஒரு வரிதான். டிஸ்க்கில் எழுத வேண்டியதோ மூன்று இடத்தில். மூன்றாவது கட்டத்துக்குள் இன்றைய கணக்கு. அடுத்து, கோப்பு அட்டை: எந்தெந்தக் கட்டங்கள் இந்தக் கோப்புக்குச் சொந்தம் என்று சொல்லும் சிறு குறிப்பு அது. மூன்றாவதாக, காலியிடப் பட்டியல்: டிஸ்க்கில் எது காலி, எது நிரம்பியது என்ற மொத்தக் கணக்கு. மூன்றும் மூன்று மூலையில் இருக்கின்றன. முனை ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் எழுதும், அதுவும் எந்த வரிசையில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நிலம் வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். பட்டா தாலுகா அலுவலகத்தில் மாற வேண்டும். நடுவில் நின்றுபோனால் பத்திரம் ஒருவர் பேரில், பட்டா இன்னொருவர் பேரில். நிலம் என்னவோ அதே இடத்தில்தான் கிடக்கிறது.

இப்போது கரண்டை நடுவில் நிறுத்திப் பார்ப்போம்.

கட்டத்துக்குள் கணக்கு மட்டும் விழுந்து, மற்ற இரண்டும் எழுதப்படவில்லை. அட்டைக்கு அந்தக் கட்டத்தைத் தெரியாது, பட்டியலோ அதைக் காலி என்கிறது. இன்றைய ஏலம் போய்விட்டது, நேற்று வரையிலான கணக்கு பத்திரமாக இருக்கிறது. வருத்தம்தான், ஆனால் டிஸ்க்கில் குழப்பம் ஏதும் இல்லை.

காலியிடப் பட்டியல் மட்டும் எழுதப்பட்டிருந்தால், நிரம்பியதாகச் சொல்லப்படும் அந்தக் கட்டத்துக்கு உரிமையாளர் யாரும் இல்லை. கொஞ்சம் இடம் வீண். ஆபத்து கிடையாது.

கோப்பு அட்டை மட்டும் எழுதப்பட்டிருந்தால்தான் நிலைமை மோசம். மூன்றாவது கட்டம் என்னுடையது என்கிறது அட்டை. காலி என்கிறது பட்டியல். கோப்பைத் திறந்தால் அந்தக் கட்டத்தில் முன்பு கிடந்து அழிக்கப்பட்ட யாரோ ஒருவரின் விண்ணப்பத்துண்டு தெரியலாம். நாளை வேறொரு கோப்புக்கு இடம் தேடும் இயங்குதளம், பட்டியலை நம்பி அதே கட்டத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும். ஒரு கட்டத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ஒன்றில் எழுதினால் மற்றது அழியும். இந்தச் சேதம் உடனே தெரியாது, பத்து நாள் கழித்து வேறெங்கோ வெடிக்கும். ‘புயல் அன்றைக்கு நல்லாத்தானே இருந்தது’ என்று அப்போது நாம் வியப்போம்.

ஏலக் கணக்கு இருந்த இடத்தில், விண்டோஸ் எழுவதற்கே தேவையான ஒரு கோப்பை வைத்துப் பாருங்கள். கணக்கில் ஒரு வரி போவதற்குப் பதிலாகக் கணினியே எழாது.

முன்குறிப்பேடு

ஒவ்வொரு கோப்பு அட்டையையும் காலியிடப் பட்டியலோடு ஒப்பிட்டு, முரண்பட்டதைத் திருத்துவதுதான் பழைய மருந்து. டிஸ்க் சிறிதாக இருந்த காலத்தில் அது போதுமாயிருந்தது. டிஸ்க் பெருக்கப் பெருக்க இந்தச் சோதனை மணிக்கணக்கில் இழுத்தது.

மாற்று வழி எளிமையானது. எழுதுவதற்கு முன், என்ன எழுதப் போகிறோம் என்பதை ஒரு தனி இடத்தில் எழுதி வைப்பது. இன்ன கட்டம், இன்ன அட்டை, இன்ன பட்டியல் என்று குறித்துக் கடைசியில் ஒரு முடிவுக்குறி. அதன் பிறகே உண்மையான இடங்களைத் தொடுவது. இந்தத் தனி இடத்தை முன்குறிப்பேடு என்று அழைப்போம். முடிவுக்குறி விழும் முன்பே கரண்ட் போனால், அந்தக் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிடலாம், எதையும் இன்னும் தொடவில்லை. முடிவுக்குறி விழுந்தபின் போனால், குறிப்பில் உள்ளதை முதலிலிருந்து மறுபடி எழுதிவிடலாம். ஏற்கெனவே எழுதியதை இன்னொரு தடவை எழுதுவதால் கெடுதல் இல்லை. டிஸ்க் முழுவதையும் துழாவத் தேவையில்லை, சில நொடிகளில் முடிந்துவிடும்.

இந்த யோசனை வளர்ந்தது வங்கிக் கணக்குகளைக் காக்கும் தரவுத்தளங்களில். அதைச் செம்மையாக்கியவர்களில் முன்னணியில் நிற்பவர் நம்மவர். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, 1977-இல் அமெரிக்கா போன சி. மோகன், ஐ.பி.எம். ஆய்வகத்தில் நான்கு சகாக்களோடு சேர்ந்து 1992-இல் வெளியிட்ட முறைக்கு ‘ஏரீஸ்’ என்று பெயர். ஐ.பி.எம்.மின் டி.பி.2, மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் போன்ற பெரிய தரவுத்தளங்கள் அந்த வழியில் நடப்பவை. கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களைத் தவிர இந்தப் பெயர் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

ஏரீஸின் துணிச்சல் ஒரு முடிவில் இருக்கிறது. கரண்ட் வந்ததும் குறிப்பேட்டைப் படிக்கிறோம். சில வேலைகள் முடிந்திருக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன. முடிந்ததை மட்டும் மறுபடி செய்து, பாதியில் நின்றதை ஒதுக்குவோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஏரீஸ் அப்படிச் செய்வதில்லை. பாதியில் நின்றது உட்பட எல்லாவற்றையும் முதலில் நடந்தது நடந்தபடி மறுபடி நடத்துகிறது. கரண்ட் போன கணத்தின் நிலை அப்படியே திரும்பக் கிடைத்ததும், முடியாதவற்றை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ரத்து செய்கிறது. அந்த ரத்துகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போகிறது. ஏனென்றால் பழுது நீக்கும் வேளையிலேயே மறுபடி கரண்ட் போகலாம். எது வரை ரத்து செய்தோம் என்ற குறிப்பு இருப்பதால், மூன்றாம் முறை எழும்போது ஒன்றையே இரண்டு தரம் ரத்து செய்துவிடாது. புயலுக்குப் பிறகு கரண்ட் வந்து, போய், மறுபடி வந்து, லோ வோல்டேஜில் தள்ளாடும் ஊரில் வாழ்பவர்களுக்கு இந்த முன்யோசனையின் அருமை தெரியும்.

டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமைகளும் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டன. 1993-இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த என்.டி.எஃப்.எஸ். அதைக் கொண்டிருந்தது. 2001-இல் ஈ.எக்ஸ்.டி.3 வழியாக லினக்ஸ் மையக்கருவிலும் சேர்ந்தது.

அப்படியிருந்தும் ஏன்?

இந்தக் குறிப்பேடு பொதுவாக அட்டையையும் பட்டியலையும்தான் காக்கிறது. உள்ளடக்கத்தையும் சேர்த்து எழுதினால் எல்லாவற்றையும் இரண்டு முறை எழுத வேண்டிவரும், வேகம் பாதியாகும். ஆகவே பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போன நிலத்தில் வெறும் முள் மண்டிக் கிடப்பதும் உண்டு. கோப்பு இருக்கும், அளவும் சரியாக இருக்கும், திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

இரண்டாவது காரணம் நீண்ட வேலைகள். விண்டோஸ் அப்டேட் நடக்கும்போது நூற்றுக்கணக்கான கோப்புகள் மாறுகின்றன. தனித்தனியே ஒவ்வொன்றும் ஒழுங்காக இருந்தாலும், பாதி புதிதும் பாதி பழையதுமாக நின்றால் ஒன்றுக்கொன்று சேராது.

ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாக வந்த எஸ்.எஸ்.டி.யின் கதை வேறு. அதில் சுழலும் தட்டு இல்லை. எந்தத் தகவல் எந்தச் சில்லில் கிடக்கிறது என்ற வரைபடத்தை அது தனக்குள் ஓயாமல் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறது. கரண்ட் போகும்போது அந்த வரைபடமே கிழியலாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்.பி. ஆய்வகமும் 15 எஸ்.எஸ்.டி.களை வேண்டுமென்றே மின்சாரம் துண்டித்துச் சோதித்து 2013-இல் வெளியிட்ட முடிவில், 13 ஏதாவது ஒரு வகையில் தவறின. ஒன்று அடியோடு செத்தது. பெரிய நிறுவனங்களின் சர்வர்களுக்கான எஸ்.எஸ்.டி.களில் கடைசி நேர எழுத்துக்காகவே மின்தேக்கிகள் வைக்கிறார்கள். வீட்டுக் கணினிக்கு வருவதில் பெரும்பாலும் அவை இருப்பதில்லை.

கடைசியாக, கரண்ட் போவது ஓர் அடி என்றால், வருவது இன்னோர் அடி. லைனில் ஏறும் அதிக அழுத்தம் எஸ்.எம்.பி.எஸ்.ஸையே எரித்துவிடக்கூடும்.

எங்கே நின்றது?

கணினி எழுவது ஒரு தொடர் ஓட்டம். எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டில் உள்ள தொடக்க நிரல், டிஸ்க், இயங்குதளம் என்று ஒன்று மற்றொன்றை எழுப்பும். எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தாலே பாதி வைத்தியம் முடிந்தது.

பொத்தானை அழுத்தியும் விளக்கில்லை, ஃபேன் சத்தமும் இல்லை என்றால் டிஸ்க்கைச் சந்தேகிக்கவே வேண்டாம். பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யு.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ். என்று வரிசையாகப் பாருங்கள். மடிக்கணினியானால் சார்ஜரைக் கழற்றி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி முயலுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்தால் பல மடிக்கணினிகள் எழுந்துவிடுகின்றன.

ஃபேன் சுற்றுகிறது, பீப் சத்தம் வருகிறது, திரையில் ஒன்றுமில்லை. இங்கே கரண்டைவிடக் கடல்தான் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். மரக்காணம் உப்பளக் கரை நெடுகக் காற்றில் உப்புத்துகள் மிதக்கிறது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கரையும். கடலுப்போடு சேர்ந்து வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் ரேமின் தொடுமுனைகளில் படிந்த உப்பு எளிதில் காய்வதில்லை. கணினி ஓடும்போது உள்ளேயுள்ள வெப்பம் ஈரத்தை விரட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று நாள் கரண்ட் இல்லாமல் குளிர்ந்து கிடக்கும்போது ஈரம் முழுதாக இறங்கி அரிக்கிறது. கடைகளில் ரேமைக் கழற்றி ரப்பரால் மெல்லத் தேய்த்து மறுபடி செருகுவார்கள். அது வெறும் சடங்கு இல்லை, இந்தப் படலத்தை நீக்கும் வேலை. தொடுமுனையின் தங்கப் பூச்சு மிக மெல்லியது, அழுத்தித் தேய்க்கக் கூடாது.

திரை வந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் நாணயம் அளவில் இருக்கும் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது. மெயின் கரண்ட் இருந்தவரை அந்தக் குறை மறைந்திருந்தது. தேதியோடு டிஸ்க் அமைப்புகளும் மாறியிருக்கலாம், அதனாலும் விண்டோஸ் எழாது. பேட்டரியின் விலை மிகக் குறைவு.

‘பூட் டிவைஸ் இல்லை’ என்ற செய்தி வந்தால் தொடக்க நிரலின் அமைப்புத் திரைக்குப் போய், டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கேபிளோ டிஸ்க்கோ பழுது. தெரிந்தால் டிஸ்க் உயிரோடிருக்கிறது, அதிலுள்ள தொடக்கப் பகுதிதான் கெட்டிருக்கிறது.

விண்டோஸ் சின்னம் வரை வந்து நீலத் திரையில் முடிந்தாலோ, லினக்ஸ் கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று காட்டி நின்றாலோ, நாம் மேலே பார்த்த கோப்புக் குழப்பம் அதுதான். தொடர்ந்து இரண்டு முறை எழத் தவறினால் விண்டோஸ் தானே பழுதுநீக்கும் திரைக்குப் போகும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது பொறுமையிழந்து பொத்தானை அழுத்தி அணைத்துவிடாதீர்கள்.

ஃபார்மட் போடுவதற்கு முன்

‘ஃபார்மட் போட்டுடலாம் சார்’ என்பது சர்வீஸ் கடைகளில் அடிக்கடி விழும் வார்த்தை. கடைக்காரருக்கு அது ஒரு மணி நேர வேலை. உங்களுக்கு அது பிள்ளையின் முதல் பிறந்தநாள் படம், தங்கையின் கல்யாண வீடியோ, ஐந்து வருடக் கணக்கு. எழாத கணினியில் பெரும்பாலும் கெட்டிருப்பது விண்டோஸின் சில கோப்புகள்தான், உங்கள் கோப்புகள் அதே டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. கரண்ட் போய் அழிந்ததைவிட, பிறகு அவசரத்தில் ஃபார்மட் போட்டு அழிந்தது அதிகம் என்று நான் நம்புகிறேன். எஸ்.எஸ்.டி.யில் இது இன்னும் கொடுமை. ஃபார்மட் போட்டதும், இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று இயங்குதளம் அதற்குச் சொல்லிவிடும், அது உள்ளிருந்து துடைத்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் விரைவு ஃபார்மட்டுக்குப் பிறகும் எதையாவது மீட்கலாம், இதில் அநேகமாக முடியாது.

முதல் வேலை படியெடுப்பது. ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்தே கணினியை எழுப்பலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உபுண்டுவும் இப்படி எழுபவை. உள் டிஸ்க்கில் எதையும் எழுதாமல், உங்கள் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடலாம். புதிய விண்டோஸ் மடிக்கணினிகளில் டிஸ்க் முழுதும் பிட்லாக்கர் பூட்டில் இருக்கலாம். அப்போது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். கணினி நன்றாக இருக்கும்போதே அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

நகலெடுத்த பிறகு, விண்டோஸின் சோதனை நிரலான செக்டிஸ்க் ஓட்டலாம். எந்தக் கோப்புறையிலும் சேராமல் நிற்கும் கோப்புத் துண்டுகளை அது திரட்டி ‘ஃபவுண்ட்’ என்று தொடங்கும் ஒரு கோப்புறையில் போட்டு வைக்கும், லினக்ஸில் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’. காணாமல் போன ஏலக் கணக்கின் துண்டு அங்கே பெயரில்லாமல் கிடக்கலாம். வரிசை மாறி, நகலெடுக்கும் முன் செக்டிஸ்க் ஓட்டினால், அது திருத்துகிறேன் என்று எழுதுவதே மீட்கக்கூடிய தடயங்களை அழிக்கும். டேலியில் கணக்கு வைத்திருப்பவர்கள் டேட்டா ஃபோல்டரை வேறிடத்தில் நகலெடுத்த பிறகே அதன் பழுதுநீக்கும் வசதியைத் தொட வேண்டும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சீரான சத்தம் வந்தால் எதையும் ஓட்டாதீர்கள். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் தட்டைச் சுரண்டுகிறது.

அடுத்த புயலுக்கு இரண்டு ஏற்பாடு செய்யலாம். கரண்ட் போனதுமே கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கரண்ட் வந்து ட்யூப்லைட் கால் மணி நேரமாவது துடிக்காமல் எரிந்த பிறகு மாட்டுவது ஒன்று. இன்னொன்று வீட்டு இன்வெர்ட்டரில் செய்ய வேண்டியது. பல இன்வெர்ட்டர்களில் ‘யு.பி.எஸ்.’, ‘நார்மல்’ என்று இரண்டு நிலைகள் கொண்ட ஒரு சுவிட்ச் இருக்கிறது. நார்மலில் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் எஸ்.எம்.பி.எஸ். தாங்கும் 17 மில்லி நொடியைத் தாண்டிவிடும், ஃபேன் நிற்காமல் சுற்றும்போதே கணினி மட்டும் அணைந்துபோவது அதனால்தான். யு.பி.எஸ். நிலைக்குத் தள்ளினால் அந்த இடைவெளி 10 மில்லி நொடி அளவுக்கு இறங்கிவிடும்.